தீர்வை போட்டவர்களின் சாஸ்திரம்

உங்கள் ஊர் நிலம் எதற்காவது கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டை எடுத்து நிதானமாகப் படித்திருக்கிறீர்களா? சர்வே எண்ணும் பட்டா எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததும் மூடிவிடுவோம். பேங்குக்கும் பத்திர ஆபீசுக்கும் அது போதும். ஆனால் நடுவில் சில கட்டங்கள் உண்டு: ஒரு போகமா இரு போகமா, மண் வயனமும் ரகமும், மண் தரம், ஹெக்டேருக்குத் தீர்வை, அதாவது நிலவரி, எவ்வளவு. ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதற்கு ஒரு தரம், வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலத்துக்கு வேறொரு தரம். இன்றைக்கு இரண்டிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் விளைவதில்லை. தீர்வை மட்டும் சில ரூபாயும் சில்லறையுமாகப் பதிவேட்டில் அப்படியே நிற்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கர்ணமாக, அதாவது கிராமக் கணக்குப்பிள்ளையாக, இருந்தவர். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எல்லாம் எடுத்தபோது வேலையை இழந்தவர். சொந்தம் இல்லை, ஆனாலும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். "இந்தத் தரமெல்லாம் யார் பெரியப்பா போட்டது?" என்று அவரிடம் கேட்டேன். "வெள்ளக்காரன்தான். சும்மா போட்டான்னு நெனைக்காதே. மண்ண அள்ளிப் பாத்து, ஏரித் தண்ணி எவ்ளோ நாள் வரும்னு விசாரிச்சு, மார்க்கெட் எவ்ளோ தூரம்னு பாத்து, அப்புறம்தான் போட்டான். ஒனக்கு மிச்சம் எவ்ளோ நிக்கும்னு ஒன்னவிட அவனுக்குத் தெரியும்" என்றார்.

அரசியல் பொருளாதாரம் என்ற துறை எங்கிருந்து வந்தது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் பெரியப்பா சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பேன். உழுகிறவனுக்கு எவ்வளவு மிஞ்சும், அதில் எவ்வளவை எடுக்கலாம், எடுத்த பிறகும் அடுத்த வருஷம் அவன் உழ வருவானா? ராஜாக்களும் கம்பெனிகளும் கவலையோடு கேட்ட கேள்வி இது. இதற்குப் பதில் தேடிப் போனவர்கள் எழுதியதுதான் இந்தத் துறையின் முதல் புத்தகங்கள். கல்லூரிகள் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

நான் பி.காம். படித்தவன். ஷூ ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த பொருளாதாரத்தில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும், அந்த இடம்தான் விலை. அந்தக் கோட்டை யார் எந்த அதிகாரத்தில் இழுத்தார்கள் என்று பாடத்தில் இருக்காது. அரசியல் பொருளாதாரம் கேட்பது அதைத்தான். செல்வம் எப்படி உண்டாகிறது, அது யார் யாருக்கு எவ்வளவு போகிறது, அப்படிப் போவதற்கு எந்தச் சட்டமும் எந்த அதிகாரமும் எந்த வழக்கமும் காரணம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற படிப்பு அது.

இந்த இடத்தில் 'இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும்' என்ற குறளைச் சொல்லாமல் தாண்டினால் என் பள்ளிக்கூடத் தமிழ் ஐயா மன்னிக்க மாட்டார். சொல்லியாயிற்று. உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, பங்கிடுவது என்று நான்கையும் ஒரே குறளில் வைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அது அரசனுக்குச் சொன்ன அறிவுரை. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது வேறு மாதிரி வேலை. எண்ணுவது, அளப்பது, எண்ணியதை வைத்து வாதம் செய்வது.

'அரசியல் பொருளாதாரம்' என்ற பெயரைப் புத்தகத் தலைப்பில் வைத்து 1615-இல் எழுதியவர் அந்துவான் த மோன்கிரெத்தியன் என்ற பிரெஞ்சுக்காரர். ஆள் நாடகாசிரியர். இங்கிலாந்துக்கு ஓடிப்போய் அங்கிருந்த தொழில்களைப் பார்த்துவிட்டு வந்தவர். நம் நாட்டிலும் இப்படிச் செய்தால் கஜானா நிறையும் என்று ராஜாவுக்கும் ராஜமாதாவுக்கும் எழுதிக் கொடுத்தார். அதுவரை பொருளாதாரம் என்றால் ஒரு குடும்பத் தலைவன் தன் வீட்டையும் பண்ணையையும் எப்படி நடத்துவது என்பதுதான். அதை ராஜ்யத்துக்கே நீட்டினார்கள். புத்தகம் எழுதிய ஆறாவது வருஷம் அதே ராஜாவுக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து செத்துப்போனார் என்பது தனிக் கதை.

எனக்குப் பிடித்த ஆள் அவர் இல்லை, வில்லியம் பெட்டி. டாக்டர். 1652-இல் இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல்லின் படைக்கு மருத்துவராக அயர்லாந்துக்குப் போகிறார். தோற்றுப்போன ஐரிஷ்காரர்களின் நிலத்தைப் பிடுங்கி, சம்பளப் பாக்கிக்குப் பதிலாகச் சிப்பாய்களுக்கும், போருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிரிப்பதென்றால் அளக்க வேண்டும். நான் அளந்து தருகிறேன் என்று பெட்டி காண்ட்ராக்ட் எடுக்கிறார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, சர்வே படிக்காத சிப்பாய்களின் கையில் அளவுச் சங்கிலியைக் கொடுத்து, 1655, 56-இல் பெரும்பகுதி அயர்லாந்தையும் வரைபடத்தில் இறக்கிவிட்டார். எது விளையும் நிலம், எது சதுப்பு, எது மேய்ச்சல் என்ற விவரத்தோடு. அந்த அனுபவத்தில்தான் ஒரு நாட்டின் ஆட்கள் எத்தனை, நிலம் எவ்வளவு, வருமானம் எவ்வளவு, அதில் வரி எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடும் 'அரசியல் கணிதம்' வருகிறது. அந்தப் பெயரில் அவர் எழுதியது, அவர் இறந்த பிறகு 1690-இல் அச்சானது. செல்வத்துக்கு உழைப்பு தகப்பன், நிலம் தாய் என்று சொன்னவரும் அவர்தான். அளந்து முடித்தபோது கெர்ரி பக்கம் அவர் பெயரிலும் ஏராளமான நிலம் சேர்ந்திருந்தது. அளக்கிறவன் சும்மாவா போவான்?

சங்கிலி முதலில் போனது, புத்தகம் பின்னால் வந்தது. இந்த வரிசை திரும்பத் திரும்ப நடக்கும், நம் ஊரிலும்.

நடுவில் பிரான்சில் இன்னொரு டாக்டர் வருகிறார், பிரான்சுவா கெனே. வெர்சாய் அரண்மனை மருத்துவர். 1758-இல் நாட்டின் செல்வம் உழவர், நிலக்காரர், கைத்தொழில்காரர் என்று மூன்று கைகளில் எப்படிச் சுற்றி வருகிறது என்று ஒரு படம் போட்டார். நிலம் மட்டும்தான் போட்டதற்கு மேல் மிச்சம் தரும், எனவே வரியை நிலத்து மிச்சத்தில் மட்டும் போடுங்கள் என்பது அவர் கட்சி. 1767-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அரசியல் பொருளாதாரத்தின் கோட்பாடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தடிப் புத்தகம் போட்டார். ஐந்து வருஷம் கழித்து கிழக்கிந்தியக் கம்பெனி அவரிடம் வந்தது, வங்காளத்தில் நாணயத் தட்டுப்பாடு, என்ன செய்யலாம் என்று கேட்டு. 1772-இல் அதற்கும் ஒரு புத்தகம் எழுதிக் கொடுத்தார். இந்தத் துறைக்கு இந்தியா பின்னால் வந்த உதாரணம் என்று நினைத்துவிடக் கூடாது. துறை உருவாகும்போதே உள்ளே இருந்தது.

1776-இல் ஆடம் ஸ்மித். அரசியல் பொருளாதாரத்தை அவர் ஆட்சி செய்கிறவர்களுக்கும் சட்டம் போடுகிறவர்களுக்கும் உரிய அறிவின் ஒரு கிளை என்றுதான் சொல்கிறார். அதற்கு இரண்டு நோக்கம். முதலாவது, மக்கள் தாங்களே தாராளமாகப் பிழைத்துக்கொள்ளும்படி செய்வது. இரண்டாவது, அரசாங்கத்துக்கு வேண்டிய வருமானத்தைச் சேர்ப்பது. இந்த வரிசையைக் கவனியுங்கள். அதுவரை கஜானா முன்னால் நின்றது, ஸ்மித் மக்களை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கம்பெனியைப் பற்றியும் கடுமையாக எழுதினார். ஆட்சி செய்கிற வேலையை வியாபாரத்துக்கு ஒட்டுவாலாக வைத்திருக்கிறார்கள், இதைவிட அபத்தம் உண்டா என்கிற தொனியில்.

அந்த அபத்தம் உச்சத்துக்குப் போனது ஆற்காட்டில். நவாப் முகமது அலி வாலாஜா தன் எதிரிகளைச் சமாளிக்கக் கம்பெனியின் படையை வைத்துக்கொண்டார். படைக்குச் செலவு. அந்தச் செலவுக்கு நவாப் கம்பெனிக்குக் கடன்பட்டார். கம்பெனி பணத்தைக் கேட்டது. கட்டப் பணம் இல்லை. யாரிடம் வாங்குவது? அதே கம்பெனியில் வேலை பார்க்கிற துரைமார்கள் தனிப்பட்ட முறையில் கொடுத்தார்கள், கொழுத்த வட்டிக்கு. ஈடு என்ன? அந்தந்தச் சீமையின் நிலவரி. இந்தத் தாலுகாவின் வசூல் இன்னாருக்கு என்று எழுதிக் கொடுப்பது. இப்போது யோசியுங்கள். மேல்விஷாரத்துப் பக்கமோ காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்திலோ நெல் அறுக்கிறவன் கட்டும் கிஸ்தி, நவாபின் பெயரில் வசூலாகி, மெட்ராஸில் இருக்கும் ஒரு வெள்ளைக்கார குமாஸ்தாவின் வட்டியாகி, அங்கிருந்து லண்டனுக்குப் போய்விடுகிறது. நவாபோ சேப்பாக்கம் அரண்மனையில். ஆற்காட்டு நவாப் என்ற பெயர் மட்டும்தான் ஆற்காட்டில் இருந்தது.

அப்படிக் கடன் கொடுத்த துரைமார்களில் பால் பென்ஃபீல்டு என்று ஒருவர். இந்தப் பணத்தில்தான் பிரிட்டிஷ் பார்லிமென்ட் வரைக்கும் போனார். இந்தக் கடன்களைச் சரிபார்க்காமலேயே கர்நாடகத்து (அப்போது நவாபின் சீமைக்கு அந்தப் பெயர்) வருமானத்திலிருந்து கட்டச் சொல்லி லண்டனில் முடிவானபோது, 1785 பிப்ரவரி 28-ஆம் தேதி எட்மண்ட் பர்க் பார்லிமென்டில் நெடுநேரம் பேசினார். 'ஆற்காட்டு நவாபின் கடன்கள்' என்றே அந்தப் பேச்சுக்குப் பெயர். பர்க் தோற்றார், கடன் கட்டப்பட்டது. ஒரு கடனைக் கட்டியதும் புதுக் கடன் பத்திரங்கள் முளைத்தன. 1805-இல் அமைத்த கமிஷன் ஒன்று பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்து, அந்தப் பிற்காலக் கோரிக்கைகளில் மிகப்பெரும் பகுதியைத் தள்ளியது. அதற்குள் கதையே முடிந்துபோயிருந்தது. 1801 ஜூலையில் கம்பெனி ஆட்சி முழுவதையும் எடுத்துக்கொண்டு, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை நவாபுக்கு ஒதுக்கியது. வட ஆற்காடு ஜில்லா அப்படித்தான் பிறந்தது. வேலூர்க் கோட்டைப் புரட்சிக்கு இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.

வாலாஜாவுக்குப் போனால் ஊர்ப் பெயராக அந்த நவாப் இன்னும் இருக்கிறார். கடனைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சங்கதி நடந்துகொண்டிருந்தது. 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகாலைக் கம்பெனி பிடுங்கியது. கிருஷ்ணகிரியோடு நம் திருப்பத்தூர்ப் பக்கமும் அதில் சேர்ந்தது. அதை நிர்வகிக்க அனுப்பப்பட்ட அலெக்சாண்டர் ரீட் ராணுவ கேப்டன். அவருக்கு உதவியாளர்களும் ராணுவ ஆபீசர்கள், அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்தார்கள். நடுவில் ஜமீன்தார் வேண்டாம், சர்க்காரும் உழவனும் நேருக்கு நேர் என்று ஒரு முறையை உண்டாக்கினார்கள். ரயத்துவாரி அதுதான். நடுவில் கிராமக் குத்தகை என்றெல்லாம் மாகாணத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, மன்றோ 1820-இல் சென்னை கவர்னராக வந்த பிறகு அதையே பொதுவான முறையாக ஆக்கினார்கள். இன்றைக்கும் வருஷா வருஷம் தாலுகா ஆபீசில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கிறது, வருவாய்த்துறையின் ஆண்டான ஃபசலிக் கணக்கு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது.

ரீடும் மன்றோவும் வயலில் நின்றபோது டேவிட் ரிக்கார்டோ இன்னும் லண்டன் பங்குச் சந்தையில் இருந்தார். அவருடைய அரசியல் பொருளாதாரப் புத்தகம் 1817-இல்தான் வருகிறது. விளைந்தது நிலக்காரனுக்கு வாரமாகவும் (நில வாடகை) முதலாளிக்கு லாபமாகவும் உழைப்பாளிக்குக் கூலியாகவும் எந்த விதிப்படி பிரிகிறது என்று கண்டுபிடிப்பதே இந்தத் துறையின் தலையாய வேலை என்றார் அவர். வாரம் என்பது என்ன? சாகுபடியில் இருக்கும் ஆக மட்டமான நிலத்தின் விளைச்சலைவிட நல்ல நிலத்தில் எவ்வளவு கூடுதலாக விளைகிறதோ அந்த வித்தியாசம். இதைப் படித்ததும் ரிக்கார்டோவின் நண்பர் ஜேம்ஸ் மில்லுக்கு ஒரு யோசனை ஓடுகிறது. மில் இந்தியாவையே பார்க்காமல் இந்திய வரலாறு எழுதி, 1819-இல் கம்பெனியின் லண்டன் ஆபீசில் வருவாய்க் கடிதங்களைப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர். இந்தியாவில் நிலக்காரன் சர்க்கார்தான், ஆகவே அந்த வித்தியாசம் முழுவதும் சர்க்காருக்குச் சேரலாம், கூலியும் லாபமும் உழவனிடம் இருக்கும்வரை விவசாயம் கெடாது என்பது அவர் வாதம்.

காகிதத்தில் அழகான வாதம். ஆனால் அந்த வித்தியாசம் எவ்வளவு என்று எந்த அமீனாவுக்குத் தெரியும்? தரத்தை ஒரு படி ஏற்றிப் போட்டால் வாரத்தோடு கூலியும் போய்விடும். பிற்பாடு சென்னை மாகாணத்தில் நிகர விளைச்சலில் பாதி சர்க்காருக்கு என்று வகுத்தார்கள். நிகரம் எது, செலவு எது என்பதைத் தீர்மானித்தது செட்டில்மென்ட் ஆபீசரின் பேனா. அ-பதிவேட்டில் நாம் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் 'மண் தரம்' கட்டத்தில் இந்தச் சண்டை முழுவதும் அடங்கியிருக்கிறது. வயலில் பழகிய வசூல் முறைக்கு லண்டனில் தத்துவம் எழுதப்பட்டது. அயர்லாந்தில் நடந்த அதே வரிசை.

பிரிட்டனில் அரசியல் பொருளாதாரத்துக்கென்று முதல் பேராசிரியர் யார் தெரியுமா? ஆக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ இல்லை. கம்பெனி தன் வருங்கால கலெக்டர்களைத் தயார் செய்ய நடத்திய கல்லூரியில். 1805-இல் தாமஸ் மால்தஸை அந்தப் பதவிக்கு எடுத்தார்கள், 1834-இல் சாகும்வரை அவர் அங்கேதான் பாடம் எடுத்தார். ஜனத்தொகை உணவை மிஞ்சும் என்று சொன்ன அதே மால்தஸ். அவரிடம் படித்துவிட்டுப் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் கப்பல் ஏறி நம் ஜில்லாக்களுக்கு வந்தார்கள்.

இந்தப் படிப்பு ஊர்களை எப்படித் தொட்டது என்பதற்குத் தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தால் போதும். 1876 முதல் 78 வரை, வட ஆற்காடும் அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரைக்கும் ரயில் வந்து அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது. தானியத்தைக் கொண்டுவர வழி இல்லாத காலம் கிடையாது. வாங்கக் காசுதான் இல்லை. தானிய வியாபாரத்தைச் சுதந்திரமாக விட்டால் தட்டுப்பாடு பஞ்சமாக முற்றாது என்று ஆடம் ஸ்மித் எழுதியிருந்தார். வைஸ்ராய் லிட்டன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, விலையைக் குறைக்க சர்க்கார் தலையிடவே கூடாது என்று உத்தரவிட்டார். ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் செலவைக் குறைக்க அனுப்பினார். அதே டெம்பிள்தான் 1874-இல் பீகார், வங்காளப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியவர். அதற்குக் கிடைத்த பரிசு, காசை வாரி இறைத்துவிட்டார் என்ற ஏச்சு. இந்தமுறை அந்தப் பேர் வராமல் பார்த்துக்கொண்டார். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். அரைக் கிலோகூட இல்லை, அதற்குக் கல் உடைக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது மனிதன் உயிர் தரிக்கவே போதாது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார்.

மக்களை முன்னால் நிறுத்திய ஸ்மித்தின் பெயரில் இது நடந்தது என்பதை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை. புத்தகத்தின் மேல் பழி போடவும் மனசு வரவில்லை. எந்தப் பக்கத்தைப் படிப்பது என்பதைப் படிக்கிறவனின் நாற்காலி தீர்மானிக்கிறது.

நாற்காலி இல்லாதவர்களும் படிக்க ஆரம்பித்தார்கள், நல்லவேளை. மார்க்ஸ் 1867-இல் தன் பெரிய நூலுக்கு அரசியல் பொருளாதாரத்தின் விமர்சனம் என்றே துணைத்தலைப்பு வைத்தார். ரிக்கார்டோவின் கேள்வியை எடுத்துக்கொண்டு, லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். இங்கே தாதாபாய் நவ்ரோஜி இந்தியாவின் செல்வம் எப்படி வடிந்து போகிறது என்று சர்க்காரின் சொந்தப் புள்ளிவிவரத்தை வைத்தே கணக்குப் போட்டார். ஆற்காட்டுக் கடனின் கதையைத் தேசம் முழுவதற்கும் எழுதியது மாதிரி எனக்குத் தோன்றும். ரானடே 1892-இல் புனேயில், இங்கிலாந்தின் விதிகள் எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தாது, இந்தியாவுக்கென்று ஓர் அரசியல் பொருளாதாரம் வேண்டும் என்று பேசினார். நம் பக்கத்தில் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1897-இல் லண்டனில், இந்தியச் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொன்னவர். 1903-இல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டவர். தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர் இந்தத் துறையில் எழுதியிருக்கிறார் என்பது நம் கல்லூரிப் பாடத்தில் வரவே இல்லை.

அதே சமயத்தில் இங்கிலாந்தில் துறையின் பெயரிலிருந்து 'அரசியல்' கழன்று விழுந்தது. 1879-இல் ஜெவன்ஸ் யோசனை சொன்னார், 1890-இல் மார்ஷலின் பாடப்புத்தகம் வெறும் பொருளாதாரம் என்ற தலைப்போடு வந்தது. கணிதம் கூடியது, கோடுகள் வந்தன. நான் படித்த பி.காம். அந்த வழி வந்தது.

பழைய கேள்வி செத்துவிடவில்லை. ஆச்சரியமாக, அது வட ஆற்காட்டுக்கே திரும்பி வந்தது. பசுமைப் புரட்சி யாருக்கு லாபம் என்று பார்க்க 1973, 74-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து நம் ஜில்லாக் கிராமங்களில் வீடு வீடாகப் போனார்கள். புது நெல் எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை, கிணறும் பம்ப்செட்டும் கடன் வசதியும் உள்ளவர்களே முந்திக்கொண்டார்கள் என்று பார்த்தார்கள். எண்பதுகளில் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் அதே வட்டாரத்துக்கு மறுபடி போனபோது, சிறு விவசாயியும் கூலிக்காரரும்கூடக் கொஞ்சம் மேலே வந்திருந்தார்கள். இரண்டில் எது சரி? இரண்டுமே சரியாக இருக்கலாம், இடையில் பத்து வருஷமும் ஏகப்பட்ட போர்வெல்லும் இருக்கின்றன.

ஆரணியில் பார்பரா ஹாரிஸ்-வைட் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தார். அரிசி மில், பட்டு, அடகுக் கடை, மண்டி என்று ஒரு நடுத்தர ஊரின் வியாபாரத்தை அவ்வளவு நாள் தொடர்ந்து பார்த்தவர்கள் குறைவு. சட்டத்தைவிட சாதி, மதம், ஆண் பெண் என்கிற வித்தியாசம், இவைதான் இங்கே சந்தையை நடத்துகின்றன என்று அவர் எழுதினார். ஆரணிக்காரர்களிடம் சொன்னால் "இதுக்கு லண்டன்லேர்ந்து வரணுமா?" என்பார்கள். வரத்தான் வேண்டியிருந்தது. நாம் அதை எழுதி வைக்கவில்லையே.

இப்போது என் சோற்றுக்கு வருகிறேன். தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம். ஒரு காலத்தில் இங்கே தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும். பாதிப் பக்குவத்தில் லண்டனுக்குப் போகும், மிச்ச வேலை அங்கே நடக்கும், லாபத்தின் பெரிய பங்கும் அங்கேதான். 1972-இல் சீதாராமய்யா கமிட்டி இதைக் கேட்டது: நாம் ஏன் பாதியில் நிறுத்தி விற்க வேண்டும்? அடுத்த வருஷம் முதல் பாதிப் பக்குவத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கோட்டா போட்டு நெருக்கியது. முழுத் தோலாக, ஷூவாக, பையாக அனுப்பு என்றது. நவ்ரோஜியும் சுப்பிரமணிய ஐயரும் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஷூ கம்பெனிகள் வந்தன. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்களின் கூட்டத்தைப் பார்த்தால் அந்த முடிவின் பலன் தெரியும். என் சம்பளமும் அதில் வந்ததுதான்.

அதே முடிவு, தோலைப் பதனிடும் ரசாயனமான குரோமியத்தையும் பெருகவிட்டது. மேல்நாட்டில் அந்த அழுக்கு வேலையைக் குறைத்துக்கொண்டே வந்த காலம் அது, இங்கே கூடிக்கொண்டே போனது. ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர். அது பாலாற்றுக்குப் போனது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் முதலில் உப்பானது, பிறகு நிறம் மாறியது, தென்னை காய்ப்பதை நிறுத்தியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு. தோல் தொழிற்சாலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கெடுத்தவனே கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்கே சட்டமாக்கிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரி மாணவர்கள் பரீட்சைக்கு எழுதுகிற 'வேலூர் வழக்கு' இதுதான்.

கட்ட வேண்டும், சரி. யாருக்கு? எங்கள் ஊரில் நஷ்டஈடு பட்டாவைப் பார்த்து வந்தது. நிலம் யார் பெயரிலோ அவர்தான் பாதிக்கப்பட்டவர். அதே வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்த காலனிப் பெண்களுக்கு வேலையும் போனது, குடிதண்ணீரும் போனது. அவர்கள் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லாததால் நஷ்டமும் இல்லை. நான் சொன்ன கர்ணம் பெரியப்பா இதைப் பற்றிப் பேசும்போது குரலை ஏற்ற மாட்டார். "பதிவேடு எதுக்குப் போட்டது? வரி வாங்க. அதுல நீ நியாயம் தேடுனா எப்படிக் கெடைக்கும்?" என்பார். எனக்கு இதில் முழு உடன்பாடு கிடையாது. பதிவேட்டில் புதுக் கட்டம் சேர்க்க முடியும், சேர்த்தும் இருக்கிறார்கள். ஆனால் கேட்கிறவர்கள் கூட்டமாக நின்றால்தான் சேர்ப்பார்கள்.

2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது இந்தத் துறையின் பழைய புத்தகங்களை எல்லாம் என் மேஜையிலேயே திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது. வரி போட்டது வாஷிங்டன், கட்டுவது யார்? சட்டப்படி அங்கே இறக்குமதி செய்கிறவர். அவர் மறுநாளே மெயில் போட்டார், விலையில் தள்ளுபடி கேட்டு. ஆர்டரை இழக்க முடியாது என்று எங்கள் ஆட்கள் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டார்கள். இன்னொரு பங்கைத் தோல் கொடுக்கிற டேனரி மேல் தள்ளினார்கள். டேனரிக்காரர் பேமென்டைத் தள்ளிப்போடச் சம்மதித்தார். கம்பெனிக்குள் ஓவர்டைம் நின்றது. கடைசியில் மிஞ்சியது ஜாப் ஒர்க்.

ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிற வேலை கம்பெனிக்கு வெளியே, வீடுகளில் நடக்கிறது. ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார், பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து தைப்பார்கள், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் கணக்கில் அது ஏஜென்டின் பெயரில் ஒரே வரி. தைத்தவர்கள் யார், எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளக் கட்டமும் இல்லை. தள்ளுபடியில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று பார்க்கலாமென்று பழைய வவுச்சர்களை எடுத்து வைத்தேன். ரேட் குறையவில்லை. பல வருஷமாக ஏறவும் இல்லை. எங்கள் தெருவிலேயே தைக்கிற ஓர் அக்காவிடம் இந்த ரேட்டை யார் பேசி முடித்தது என்று கேட்டேன். அவர் ஊசியை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"யாரு பேசுனாங்களா? இன்னாப்பா கேக்கற, கம்பெனில கணக்கு எழுதறவன் நீ. நீதான் சொல்லணும்."